ராட்சதனுக்கு எத்தனை றாத்தல் பாண்?

என் அக்காவின் மகன் தரம் பத்தில் படிக்கிறான். ரியூஷன் இல்லாத நேரங்களில் பழைய கணக்குக் கொப்பியின் மிச்சத் தாள்களில் கதை எழுதுவான். போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கொப்பியை வாசிக்கத் தந்தான். கதையில் ஒரு ராட்சத இனம் வருகிறது. காட்டில் இருக்கிறார்கள், கோபம் வந்தால் மரத்தைப் பிடுங்கி எறிகிறார்கள். மற்றபடி அவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"உன்ர ராட்சதன் எவ்வளவு உயரம்?"

"எண்பது அடி, சித்தி."

"என்ன சாப்பிடுவான்?"

"ஆடு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு?"

அந்த இரண்டு ஆடு எனக்குச் சரிவரவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, இது அதைவிட மோசம். அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு தொடங்கிய கணக்கு இரவுச் சாப்பாடு வரை போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புராண இனம் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தில் தொடங்குவார்கள். கொம்பு, நிறம், ஆயுதம், வாயில் நுழையாத ஒரு பெயர். அதில் பிழையில்லை. ஆனால் ராட்சதர் விஷயத்தில் அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உயரத்தை மட்டும் நீங்கள் முடிவுசெய்யுங்கள். எலும்பு, இதயம், சாப்பாடு, கல்யாணம், வழக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு எண்ணிடமே பதில் கேட்கலாம்.

மேசையில் அவனுடைய ரூபிக் கியூப் கிடந்தது. அதை எடுத்து வைத்தேன். ஒரு சின்னக் கட்டிதான் மனிதன் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கியூப் அவனைப்போல மூன்று மடங்கு உயரம். ஒரு பக்கத்தில் எத்தனை சதுரம்? ஒன்பது. மொத்தம் எத்தனை கட்டி? அடுக்குக்கு ஒன்பதாக மூன்று அடுக்கு, இருபத்தேழு. (நட்டநடுவில் உண்மையில் கட்டி இல்லை, அச்சுத்தான் இருக்கிறது. கணக்குக்காக இருப்பதாக வைப்போம்.) உயரம் 3 மடங்கானால் பரப்பளவு 9 மடங்கு, கனவளவு 27 மடங்கு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அதை ஓர் உடம்பில் போட்டுப் பார்க்கும்போதுதான் அதன் குரூரம் தெரியும்.

170 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை அப்படியே மூன்று மடங்காக்குங்கள். உயரம் 5.1 மீற்றர், ஏறக்குறைய 17 அடி. எடை 1,620 கிலோ. அந்த எடையைத் தாங்கும் எலும்பின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பில்தான் இருக்கிறது. அது 9 மடங்குதான் கூடியிருக்கிறது. 27 மடங்கு பாரம், 9 மடங்கு எலும்பு. ஆக, ஒவ்வொரு துண்டு எலும்பும் மூன்று மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. உங்கள் தோளில் உங்கள் எடையுள்ள இரண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் அப்படியே சந்தைக்கும் போய் வரவேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இதை முதலில் தெளிவாக எழுதியவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த நூலில், பெரிய மிருகத்தின் எலும்பு நீளத்தில் மட்டும் வளர்ந்தால் போதாது, அதைவிட வேகமாகத் தடிக்கவும் வேண்டும் என்று எலும்பு வரைந்தே காட்டினார்.

எண்பது அடிக்காரனுக்கு இதே கணக்கைப் போட்டோம். எடை 175 தொன்னைத் தாண்டியது. பெரிய நீலத்திமிங்கிலத்தோடு போட்டி போடும் எடை. திமிங்கிலத்தைக் கடல் தாங்குகிறது, இவனைத் தாங்க இரண்டு கால். பையன் பேசாமல் பேனையை எடுத்து 80ஐ வெட்டி 17 என்று எழுதினான். எனக்கே பாவமாக இருந்தது.

உண்மையான மனிதர்களில் பதிவான மிக உயரமானவர் அமெரிக்காவின் ரொபேர்ட் வாட்லோ. 1918இல் பிறந்தவர், உயரம் 272 சென்ரிமீற்றர். பிட்யூட்டரி சுரப்பியின் மிகைச் சுரப்பால் கடைசிவரை வளர்ந்துகொண்டே இருந்தார். நடக்கக் காலுக்கு உலோகத் தாங்கி வேண்டியிருந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைவு. தாங்கி உரசிக் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது, அது கிருமி பிடித்தது, 1940இல் 22 வயதில் அதனாலேயே இறந்துபோனார். ராட்சதனைக் கொல்ல வீரனும் வாளும் தேவை என்று கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு கொப்புளம் போதுமாக இருந்தது.

ஆகவே நம் ராட்சதனின் காலை மனிதக் காலாக வைக்கக் கூடாது. யாரைப் பார்த்து எழுதுவது? பெப்ரவரியில் கொழும்பு கங்காராமய விகாரையின் நவம் பெரஹெர ஊர்வலத்துக்குப் போனால் தெருவோரமாக நின்று யானையின் முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். அலங்காரத்தை விடுங்கள். தூண் போல நேரான கால். நிலத்தில் ஊன்றும்போது பாதம் அகலும், தூக்கும்போது சுருங்கும். எலும்பளவில் யானை ஏறக்குறைய நுனிவிரலில்தான் நிற்கிறது. குதிக்கு அடியில் தடித்த கொழுப்பு மெத்தை இருக்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலையும் ஒரே நேரத்தில் நிலத்தில் இருந்து எடுக்காது. துள்ளவும் மாட்டாது. நம் ராட்சதருக்கும் குட்டையான, தடித்த, மடங்காத காலைக் கொடுத்து, ஓடுவதையும் பாய்வதையும் பறித்துவிடுங்கள்.

யானைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. முன்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் வரும். மனிதருக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். சிவனொளிபாதமலை உச்சியில் உள்ள பாதச் சுவடு ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளம். சிவன், புத்தர், ஆதாம் என்று மூன்று சமயத்தார் மூன்று பெயர் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை, நம்பிக்கையைக் கணக்குப் போடுவதும் சரியில்லை. ஆனால் உங்கள் கதையில் யாரோ ஒருவர் காட்டில் அதே நீளத்தில் ஒரு சுவடு கண்டால், அதை வைத்தவர் 12 மீற்றர் உயரம் என்று உடனே சொல்லிவிடலாம். மனித வடிவிலேயே இருந்தால் எடை 20 தொன்னைத் தாண்டும். அதாவது நான்கு பெரிய ஆசிய யானைகள், கால்கள் பதினாறுக்குப் பதில் இரண்டு.

சரி, சாப்பாடு. 27 மடங்கு எடை என்றால் 27 பேருடைய சாப்பாடு வேண்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932இல் எலியில் இருந்து மாடு வரை மிருகங்கள் செலவழிக்கும் சக்தியை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எடை கூடும் அளவுக்குச் செலவு கூடுவதில்லை என்று கண்டார். எடையின் முக்கால் அடுக்கில்தான் கூடுகிறது. பயப்பட வேண்டாம், போனிலேயே போட்டுப் பார்க்கலாம். 27ஐத் தட்டி வர்க்கமூலக் குறியை இரண்டு தடவை அழுத்துங்கள், 2.28 அளவில் வரும். அதே எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் ஏறக்குறைய 12. ஒருவர் வெறும் பாணிலேயே சீவிக்கிறார் என்றால் நாளுக்கு இரண்டு றாத்தல் வேண்டும். நம் ராட்சதனுக்கு 54 அல்ல, 24 றாத்தல்.

இப்போது கையில் மூன்று எண் இருக்கிறது: 9, 12, 27. தோலும் துணியும் 9, பசியும் சூடும் 12, எடை 27. மூன்று மடங்கு உயரமுள்ள எந்த இனத்துக்கும் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பாதிக் கதையை எழுதிவிடலாம். ராட்சதிக்குக் கல்யாணச் சேலையா? காலி வீதிக் கடையில் ஒன்பது சேலை வாங்கி இணைத்துத் தைக்க வேண்டும். நூறு பேர் உள்ள ஊருக்கு ஒரு வருடச் சோறா? ஒரு போகத்தில் ஹெக்டேயருக்கு 4 தொன் நெல் என்று வைத்தால் ஏறக்குறைய நூறு ஹெக்டேயர் வயல். காலிமுகத்திடலைப் போல இருபது. அவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் வாய் தின்பது வேறு, கால் மிதிப்பது வேறு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன புத்தி இதுதான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் 'மா' என்ற பழைய நில அளவு ஒன்றுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் போதும். யானையே வயலுக்குள் இறங்கினால் நூறு வயல் என்றாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் அழிவது கூட. அவர் பேசியது வரியைப் பற்றி. நாம் அதை அப்படியே ராட்சதரின் நிலச் சட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ராட்சதர் வயலில் இறங்குவதில்லை. 1,620 கிலோ உடம்பு சேற்றில் இறங்கினால் ஏறவும் முடியாது. ஆகவே விதைப்பதும் அறுப்பதும் வேறு யாராவது செய்ய வேண்டும், அது மனிதர்கள். பதிலுக்கு ராட்சதர் என்ன தருவார்கள்? மிதியையே தருவார்கள். குளக்கட்டு கட்டும்போது மண்ணை இறுக்க அந்தக் காலைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு இனங்களும் ஒன்றை ஒன்று விட்டுப் போக முடியாத ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டது. யாரும் யாருக்கும் அடிமையாக வேண்டியதில்லை, பழங்காலப் போர்க் கதையும் தேவையில்லை.

உயர்ந்த உடம்புக்கு இரத்தம் இன்னொரு தலையிடி. ஒட்டகச்சிவிங்கியின் இரத்த அழுத்தம் நம்முடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தலை அவ்வளவு மேலே இருப்பதால். அந்த அழுத்தம் காலில் இறங்கி வீங்காமல் இருக்க அதன் கால்தோல் இறுக்கமான காலுறை போல இருக்கிறது. நம் ராட்சதருக்குத் தோலைக் கொடுப்பதைவிட வழக்கம் ஒன்றைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும். வளர்ந்து ஓர் உயரத்தைத் தொட்டதும் தாய்மாமன் வந்து கணுக்காலில் இருந்து முழங்கால் வரை துணி சுற்றிக் கட்டுவார், அதுதான் அவர்களுடைய சாமத்தியச் சடங்கு. கட்டாத காலோடு வெளியே வருவது துக்க வீட்டில் மட்டும். அப்புறம் குனிவது. தலை சட்டென்று கீழே போய் மேலே வந்தால் மயக்கம், மயங்கினால் விழுவது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அவ்வளவு உயரத்தில் இருந்து அவ்வளவு எடை விழுந்தால் எழும்பாது. ஆகவே அந்த ஊரில் யாரும் யார் காலிலும் விழுந்து கும்பிடுவதில்லை. பெரியவர்கள் கேட்கவும் மாட்டார்கள். கதையில் ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை காலில் விழட்டும். அது உயிரைப் பணயம் வைக்கிற சத்தியம் என்று வாசகருக்கு நீங்கள் விளக்கத் தேவையே இருக்காது.

இனிச் சூடு. உள்ளே 12 மடங்கு சூடு உண்டாகிறது, வெளியேற்றத் தோல் 9 மடங்குதான் இருக்கிறது. கொழும்பில் ஏப்ரல் மாதத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற நமக்கே வியர்வை காய்வதில்லை. அவர்கள் பகலில் நடமாட மாட்டார்கள், மதியம் கடலிலோ களப்பிலோ கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள். தண்ணீர் பாரத்தையும் தாங்கும். அதோடு யானைக்குப் போலப் பெரிய, மெல்லிய, இரத்தக் குழாய் நிறைந்த காது வேண்டும், விசிறிச் சூட்டை வெளியே விட.

இந்த இடத்தில் பையன் நிமிர்ந்தான். "கும்பகர்ணன்."

எனக்கு அதுவரை தோன்றாதது. கும்பம் என்றால் குடம், கர்ணம் என்றால் காது. குடம் போன்ற காதுக்காரன். ஆறு மாதம் தூங்குவான், எழும்பினால் மலையாகச் சாப்பிடுவான். பெரிய உடம்பு, சூட்டை விடப் பெரிய காது, செலவைக் குறைக்க நீண்ட தூக்கம், விழித்ததும் அடங்காத பசி. கவிகள் உயிரியல் படித்து எழுதவில்லைதான். ஆனாலும் இந்த நாலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அழகாகப் பொருந்தும் வேறு ராட்சதனை நான் பார்த்ததில்லை. கரடிகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் உறங்கும், அந்தக் காலத்தில் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். அது குளிர் நாட்டுச் சமாச்சாரம், இலங்கைக்குப் பொருந்தாது என்று யாராவது மூக்கை நுழைத்தால், மடகாஸ்கரில் கொழுப்பு வால் குட்டி லீமர் ஒன்று வெயில் நாட்டிலேயே மரப்பொந்துக்குள் ஏழு மாதம் உறங்குகிறது என்று சொல்லுங்கள். வாலில் சேர்த்த கொழுப்புத்தான் சாப்பாடு.

இனி ஒருவன் தூங்குவதை ஊரே தூங்குவதாக மாற்றுங்கள். முழு இனமும் ஒரே நேரத்தில் தூங்கினால் காவலுக்கு ஆள் இல்லை. ஆகவே பாதிப் பேர் தூங்க, பாதிப் பேர் விழித்திருக்க வேண்டும். பெரும்போகத்தில் விழித்திருப்பவர்கள் பெரும்போகத்தார், சிறுபோகத்தில் விழித்திருப்பவர்கள் சிறுபோகத்தார். பெயரைப் பையன்தான் வைத்தான். ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே பாத்திரம், இரண்டு சனம். நடுவில் வருடத்துக்கு இரண்டு தடவை, சில நாட்கள் மட்டும் இரண்டு பக்கமும் விழித்திருப்பார்கள். திருவிழா, சந்தை, வழக்கு, கல்யாணம் எல்லாம் அந்த நாட்களுக்குள்.

இதில் இருந்து கேள்விகள் தானாக வரும். தூங்குகிறவனுடைய மாட்டை விற்கலாமா? கடன்காரன் தூங்கப் போய்விட்டால் வட்டி ஓடுமா, நிற்குமா? ஒரு பெரும்போகத்தாள் ஒரு சிறுபோகத்தானைக் கட்டினால் அவர்கள் வருடத்தில் எத்தனை நாள் சேர்ந்து இருப்பார்கள், பிள்ளை எந்தப் பக்கம் தூங்கும்? கோள் சொல்லவும் வசதி. ஆறு மாதம் தூங்கி எழும்பினவனுக்கு ஊர்ச் செய்தியை மற்றப் பக்கத்தார்தானே சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதுதான் நடந்தது. ஆகவே அந்த ஊரில் முதலில் தோன்றிய உத்தியோகம் அரசனாக இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்து, எழும்புகிறவனுக்கு வாசித்துக் காட்டும் கணக்கப்பிள்ளையாகத்தான் இருக்கும். தூக்கத்தின் நடுவில் எழுப்புவது பெரிய குற்றம். சேர்த்த கொழுப்பு அநியாயமாக எரிந்துபோகும், பிறகு எவ்வளவு போட்டாலும் வயிறு ஆறாது. அந்த நோய்க்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகைக்கு வந்த, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, யானைத்தீ.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பு பெருத்தால் குரல் தாழும். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் கிலோமீற்றர் கணக்கில் தொலைவுக்குப் பேசிக்கொள்கின்றன. ராட்சதரும் அப்படிப் பேசினால் மனிதர்கள் அவர்களை ஊமை இனம் என்றே நம்பலாம். பக்கத்தில் நின்றால் தவிலுக்கு முன் நிற்கும்போது நெஞ்சு அதிருமே, அது மட்டும் தெரியும்.

உண்மையாக ராட்சதர் இருந்தார்களா என்று கேட்பவர்களுக்கு: நமக்குத் தெரிந்த மிகப் பெரிய குரங்கினம் ஜைகாண்டோபிதிகஸ். 1935இல் ஹொங்கொங் மருந்துக் கடை ஒன்றில் டிராகன் பல் என்று விற்கப்பட்ட ஒரு பல்லில்தான் அதை அடையாளம் கண்டார்கள். பற்களும் சில தாடை எலும்புகளும்தான் கிடைத்திருக்கின்றன. மிச்ச உடம்பு முழுவதும் ஊகம். நாம் பாணில் தொடங்கியதைவிட அவர்கள் குறைவான சாமானில் தொடங்கியிருக்கிறார்கள்.

பல் என்றதும் வயதானவர்கள். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள், ஒன்று தேயத் தேய அடுத்தது பின்னால் இருந்து வரும். ஆறாவதும் தேய்ந்த பிறகு நன்றாக மெல்ல முடியாது. நம் ராட்சதருக்கும் இதையே வைத்தோம். யானைக்கூட்டத்தைப் போல அவர்களையும் வயதான பெண்தான் நடத்துகிறாள். எந்த வறட்சியில் எந்தக் குளம் வற்றவில்லை என்பது அவளுக்குத்தான் ஞாபகம். அவளுடைய கடைசிப் பல்லும் போகும்போது ஊர் அவளுக்கு அரைத்துக் கூழ் காய்ச்ச வேண்டும், நாளுக்கு 24 றாத்தல் பாணுக்குச் சமமான கூழ். ராட்சதக் கைக்கு ஆட்டுக்கல் பிடிபடாது. அரைப்பது மனிதர்கள் வேலை. குளக்கட்டு முடிந்துவிட்டது, இனி மிதிக்க ஒன்றும் இல்லை என்ற வருடத்தில் மனிதர்கள் தொடர்ந்து அரைப்பார்களா?

பையன் எட்டரைக்குப் போனான். அடுத்த கிழமை கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்தான். மரம் பிடுங்கும் அத்தியாயம் முழுவதும் வெட்டியிருந்தது. புதிய பக்கத்தின் முதல் வரி: "அம்மம்மா எழும்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது, அரைக்க வந்தவர்கள் இரண்டு பேர்தான்."